நாற்பதாவது சைக்கிள்

நிலக்காரர்களின் அறுபத்திரண்டு கையெழுத்தில் அறுபத்தொன்றை வாங்கிவிட்டேன். மிச்சமிருந்த ஒன்று என் அண்ணியுடையது. இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் அது வராவிட்டால், பதினெட்டு கிலோமீட்டர் சைக்கிள் பாதைக்குக் கிடைத்த அனுமதி காலாவதியாகி, பணம் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும்.

ஆறு வருடமாக இந்தப் பாதைக்காகத் தலையால் தண்ணீர் குடித்திருக்கிறேன். அளவு நாடாவும் கையுமாக வாய்க்கால் கரை முழுக்க அலைந்ததில் எனக்கு 'நாடா' என்றே பெயர் விழுந்துவிட்டது. முதலில் அப்படிக் கூப்பிட்டவர் என் அண்ணன்தான். பாதையின் நடுவில் முந்நூற்று நாற்பது மீட்டர் அவருடைய வயலுக்குள் போகிறது. இப்போது அது அண்ணியின் வயல். அண்ணன் போய்ப் பதினான்கு மாதமாகிறது.

மணி இரண்டரை. அண்ணி சமையலறை மேஜையில் படிவத்தை விரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்றாவது முறையாகப் படித்தார். பின்கதவோரம் அண்ணனின் சைக்கிள் முன்சக்கரம் நெளிந்தபடி நின்றது. யாரும் அதைத் தூக்கிப் போடவில்லை. அதன் பக்கத்தில் அவர்கள் மகளின் புதுச் சைக்கிள். அடுத்த வாரம் அவள் டவுனில் பெரிய பள்ளிக்கூடம் சேருகிறாள். பாதை வரும் வரை பஸ்ஸில் போவாள். பாதையே வராது என்றால், என்றைக்காவது பஸ்ஸைத் தவறவிட்டு அந்த லாரி ரோட்டில்தான் மிதிப்பாள்.

"கையெழுத்துப் போட எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. ஒரே ஒரு கேள்வி," என்றார் அண்ணி. "அன்னைக்கு அவர் வீட்டுக்கு வந்துட்டார். கை கால் கழுவிட்டு சாப்பிட உக்காந்துட்டார். போன் வந்துச்சு. சிரிச்சுக்கிட்டே, 'பத்து நிமிஷத்துல வந்துடறேன்'னு சைக்கிளை எடுத்துட்டுப் போனார். யார் கூப்பிட்டது? எதுக்குப் போனார்?"

நான் படிவத்தைப் பார்த்தேன்.

"அவர் போன்தான் சுக்குநூறாப் போச்சே. தெரிஞ்சவங்க எல்லாரையும் கேட்டுட்டேன். உங்களை மட்டும்தான் கேக்கல. கேக்க பயமா இருந்துச்சு."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தொண்டை வரை வந்துவிட்டது. சாவு வீட்டில் எல்லோரிடமும் அப்படித்தானே சொன்னேன். ஆனால் பதினான்கு மாதமாக நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. இன்னொரு பொய்யைச் சுமக்க என்னால் ஆகவில்லை.

"நான்தான் அண்ணி."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

பாதைக்கு அனுமதி வேண்டுமென்றால், அந்த ரோட்டில் தொடர்ந்து ஏழு நாள், நாளுக்கு நாற்பது சைக்கிளாவது போயிருக்க வேண்டும். ரோட்டின் குறுக்கே ஒரு ரப்பர் குழாய் போட்டு வைப்போம். சைக்கிள் ஏறினால் மட்டும் பெட்டிக்குள் எண்ணிக்கை ஒன்று கூடும். லாரிக்குப் பயந்துதான் ஜனங்கள் அங்கே சைக்கிள் விடுவதில்லை. விடுவதில்லையே, அப்புறம் பாதை எதற்கு என்று மேலே கேட்பார்கள். எந்தப் புண்ணியவான் போட்ட கணக்கோ. ஆறு நாள் எப்படியோ தேறிவிட்டது. ஏழாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு முப்பத்தொன்பதில் நின்றது. இருட்டினால் பெட்டியைக் கழற்றிவிட வேண்டும். அண்ணனுக்குப் போன் போட்டேன். 'டேய் நாடா, இப்பதான்டா செருப்பைக் கழட்டினேன்' என்று சிரித்தார்.

இதையெல்லாம் அண்ணியிடம் தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தேன்.

"உங்ககிட்ட சைக்கிள் இல்லையா?" என்று கேட்டார்.

"இருக்கு. எண்ணறவங்க ஓட்டக்கூடாதுன்னு ரூல்."

"ரூல மீறக்கூடாதுன்னு அவரை அனுப்பினீங்க."

அவர் ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு அழுதிருப்பேன்.

"அந்தக் குழாய் மேல ஏறினாரா?"

"ஏறினார் அண்ணி. ஆறு பன்னெண்டுக்கு. திரும்பி வர்றப்பதான் அந்த லாரி..."

அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு படிவத்தை முதல் வரியிலிருந்து படித்தார். கடிகாரம் மூன்றரையைத் தாண்டியது. எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. பாதையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அப்போது அவர் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே 'குறிப்பு' என்ற கட்டத்தில் ஏதோ எழுதினார். படிவத்தை நாலாக மடித்து என் பக்கம் தள்ளினார்.

"நேரமாச்சு. கிளம்புங்க."

தம்பி என்று சொல்லவில்லை.

அலுவலகத்தில் நுழைந்தபோது ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. படிவங்களைப் பதிவு செய்யும் அம்மாள், "அப்பாடா, வந்துட்டீங்களா சார்," என்று வாங்கிப் பிரித்தார். முத்திரையை ஓங்கியவர் நிறுத்திவிட்டு, கண்ணருகே வைத்துப் படித்தார்.

"இதென்ன சார்? 'இந்தப் பாதையில் போகும் ஆட்களை எண்ணக் கூடாது. இந்த நிபந்தனையின் பேரில் சம்மதிக்கிறேன்'னு எழுதியிருக்காங்க. எண்ணாம எப்படி? வருஷா வருஷம் எண்ணிக்கை அனுப்பணுமே. அடிச்சுட்டு வேற எழுதி வாங்கிட்டு வந்துடுங்களேன். உங்க அண்ணிதானே?"

"அடிக்க வேணாம்மா. அப்படியே முத்திரை போடுங்க."

"எண்ணிக்கைக்கு யார் சார் பதில் சொல்றது?"

"நான்தான்," என்றேன்.