கூப்பனில் வந்த சோப்புத்தூள்

என் வீட்டுக்காரருக்குக் கூப்பன் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வந்தால் முதலில் அவர் கைக்குத்தான் போகவேண்டும். நான் தைத்துச் சம்பாதிக்கிறவள். என் துணிக் கத்தரியை எடுத்துத்தான் காகிதத்தை வெட்டுவார். கத்தரி மழுங்கிப்போகும் என்று கத்திக் கத்தி என் தொண்டை வற்றியதுதான் மிச்சம். கூப்பன் கிடைத்தால் போதும், பூனையே இல்லாத வீட்டுக்குப் பூனைத் தீனி வரும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

மகள் விஷயத்தில் என்னால் பொறுக்க முடியாது. அவளுக்கு எதுவும் ஒத்துக்கொள்ளாத தோல். வாசனை சேர்க்காத ஒரே ஒரு சோப்புத்தூளில்தான் அவள் உடுப்புகளைத் துவைக்கவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எனக்குத் தையல் வேலை இருப்பதால் துவைப்பது அவர் பொறுப்பு. போன மாதம் மகளின் முதுகெல்லாம் சிவந்து தடித்துவிட்டது. நான் தைக்கிற துணிகளின் தூசிதான் காரணம் என்று நினைத்து மெஷினை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். வெயிலில் மண்டை காயத் தைத்தேன். மெஷினின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு என்னோடு படியேறியவர் இதே மனுஷன்தான்.

இன்று அவர் குளிக்கப் போயிருந்தபோது, துவைக்கலாமென்று நானே சோப்புத்தூள் டப்பாவைத் திறந்தேன். துணித் தூசியில் எப்போதும் அடைத்துக்கிடக்கும் மூக்கு எனக்கு. வாசனை தெரியவில்லை, கண் தெரிந்தது. வெள்ளையாக இருக்கவேண்டிய தூளில் நீலநீலமாகப் பொடிகள்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவரிடம் டப்பாவை நீட்டினேன். கொஞ்சமும் கூசாமல் சொன்னார்.

"ரெண்டும் சோப்புத்தூள்தானே. கூப்பன்ல பாதி வெலைக்குக் கெடச்சுது. நீ கத்துவியேன்னுதான் பழைய டப்பாவுல கொட்டி வச்சேன்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது.

"மெஷினத் தூக்கினீங்களே, அப்பக்கூட வாயத் திறக்கத் தோணலையா?"

தூசியாகத்தான் இருக்கும் என்று அவரும் நம்பினாராம். மிச்சம் பிடித்த காசு டாக்டருக்கும் களிம்புக்குமே காணாது. அந்த மனுஷனுக்கு அதுவும் உறைக்கவில்லை, அடுத்த மாதக் கூப்பனை வீணாக்கவேண்டாமே என்று இழுத்தார். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தேன்.

சத்தம் கேட்டு மகள் வந்தாள்.

"அப்பாவத் திட்டாதம்மா. எனக்கு மொதல்லயே வாசனை தெரிஞ்சுது. கூப்பன் கெடச்சதுன்னு அப்பா அவ்வளவு சந்தோஷமா இருந்தாரு, அதான் சொல்லல. இப்ப அரிக்கவே இல்லம்மா."

சொல்லும்போதே கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதை அவரும் பார்த்தார்.