ப்ரென்னிங்கருக்கு விழுந்த ஏழு ஓட்டு

ஜம்புநாதனுக்கு ப்ரென்னிங்கரைப் பிடிக்காது. ஆளைப் பார்த்ததில்லை. ஆனால் வியன்னாவில் இருந்துகொண்டு நாவல் எழுதும் அந்த மனுஷன், மான்ட்ரியலில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்குத் தினமும் வந்துவிடுவதாகவே அவருக்குத் தோன்றும். காரணம், மனைவி அம்புஜம். சென்னையில் ஜெர்மன் படித்தவள். இங்கே பல்கலைக்கழகத்தில் அதையே சொல்லிக்கொடுக்கிறாள். ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போதுகூட, "இந்த நிறத்தை அவர் எப்படி எழுதியிருக்கார் தெரியுமோ?" என்பாள். பதினாறு வருஷத்தில் தான் சொன்ன ஒரு வாக்கியத்தையாவது இவள் இப்படித் திருப்பிச் சொல்லியிருக்கிறாளா என்று யோசித்துப் பார்த்தார். இல்லை.

1975-இல் அவள் ஓர் ஆராய்ச்சி தொடங்கினாள். ப்ரென்னிங்கரை வாசகர்கள் எவ்வளவு படிக்கிறார்கள், சக எழுத்தாளர்கள் எவ்வளவு மதிக்கிறார்கள் என்று அளக்கவேண்டும். ஆஸ்திரிய நூலகங்களிலிருந்து, எந்தப் புத்தகம் எத்தனை முறை இரவல் போனது என்ற விவரம் வந்தது. அங்குள்ள அறுபது எழுத்தாளர்களுக்கு, 'இன்று எழுதுபவர்களில் சிறந்த மூவர் யார்?' என்று கேட்டுக் கடிதம் போட்டாள். புள்ளியியல் பேராசிரியரான ஜம்புநாதன் பதில்களைக் கார்டில் துளைபோட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றித் தரவேண்டும்.

"உங்களை விட்டா யார் இதை ஒழுங்கா பண்ணுவா?" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக ஒத்துக்கொண்டார்.

தபால்காரர்களின் வேலைநிறுத்தம் முடிந்த டிசம்பரில், அவள் வகுப்புக்குப் போயிருந்த ஒரு காலையில் ஏழு உறைகள் சேர்ந்து வந்தன. பிரித்தார். ஏழிலும் ப்ரென்னிங்கர், ஐந்தில் முதல் பெயரே அதுதான். ஒருவர் ஓரத்தில் நாலு வரி கூடுதலாக எழுதியிருந்தார். ஜெர்மன் தெரியாவிட்டாலும் ஆச்சரியக்குறிகள் தெரிந்தன. ஜம்புநாதனுக்கு வயிறு எரிந்தது. ஏழையும் தன் ஆபீஸ் டிராயரில் வைத்துப் பூட்டினார்.

முடிவு வந்தது. வாசகர்களிடம் ப்ரென்னிங்கருக்கு இரண்டாவது இடம். எழுத்தாளர்களிடம் பதினோராவது.

அம்புஜம் காகிதத்தை வெகுநேரம் பார்த்தாள். "கூட எழுதறவா யாரும் மதிக்கலை. நான்தான் ஏமாந்திருக்கேன் போல." மூன்று வருஷமாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்த அவருடைய நாவலை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டினாள். அழவில்லை. அதற்குப்பின் சாப்பிடும்போது ஜம்புநாதன்தான் பேசினார். அவள் 'ம்' கொட்டினாள். ஜெயித்த சந்தோஷம் ஒரு வாரம் தாங்கவில்லை.

எட்டாம் நாள் உறைகளைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"இதெல்லாம் ஸ்டிரைக்கில தொலைஞ்சுதுன்னு நெனச்சேன்," என்றாள்.

"நான்தான் எடுத்து வச்சேன்."

"ஏன்?"

"பொறாமை."

"பாக்காத மனுஷன்மேலயா?"

"நீ தினமும் பாத்துண்டுதானே இருக்கே."

அவள் ஏழு கடிதங்களையும் படித்தாள். பென்சிலை எடுத்துக் கையாலேயே எண்ணினாள். "நாலாவது," என்றாள். முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க ஜம்புநாதனுக்கு மறுபடியும் எரிந்தது. அப்புறம்தான் அவள் குரல் மாறியது. "கார்டையெல்லாம் கொண்டுவந்து குடுத்துடுங்கோ. இனிமே நானே பாத்துக்கறேன்."

பிப்ரவரியில் துறையில் கட்டுரை வாசித்தாள். ஏழு பதில்கள் தாமதமாகச் சேர்ந்தன என்று மட்டும் சொன்னாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஜம்புநாதனுக்கு வியர்த்தது.

செயின்ட் லோரன்டில் இருந்த தங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது காரில் கேட்டார்: "ஏன் என்னைக் காட்டிக்குடுக்கலை?"

"அது ஆராய்ச்சியில வராது," என்றாள். கொஞ்சதூரம் போனதும் ப்ரென்னிங்கரின் புது நாவலைப்பற்றி ஆரம்பித்தாள். கதாநாயகி வீட்டைவிட்டுக் கிளம்பும் இடத்தில் நிறுத்தி, ஜன்னல்வழியே பனியைப் பார்த்தாள்.

ஜம்புநாதனுக்குப் பொறாமை துளியும் குறையவில்லை.

"அப்புறம்?" என்று கேட்டார்.