ஏழாவது கம்பிக்கு ஒரு வேலை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் திண்டிவனம் பேருந்து நிலையத்து டீக்கடையில் கிடைத்தது. எலக்ட்ரிக் கிட்டாருக்கு ஆறு கம்பி போதுமா, ஏழு வேண்டுமா என்று இரண்டு பேர் டீ ஆறுவதுகூடத் தெரியாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. தெரியாத விஷயமென்றால்தான் எழுதக் கை பரபரக்கிறது, என்ன செய்ய!

முதலில் எழுதிய வரி: "ஜெசிந்தா முகையூரில் பிறந்தபோது வானமே இசை"

(சே! வானத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நிறுத்திவிட்டேன்.)

2

ஜெசிந்தாவுக்கு இருபத்தாறு வயது. முகையூர் மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார் பழகியவள், இப்போது விழுப்புரத்தில் விருத்தாசலம் நடத்தும் இன்னிசைக் குழுவில் வாசிக்கிறாள். போன மாதம் ஏழு கம்பிக் கிட்டார் ஒன்று வாங்கினாள். வழக்கமான ஆறோடு, அடிச்சுருதியில் பேசும் தடித்த கம்பி ஒன்று அதில் கூடுதல்.

முதல் ஒத்திகையிலேயே மானம் போனது. பழகிய கை இருப்பதிலேயே தடித்த கம்பியைத் தேடிப் போய்த் தொடங்கும். புதுக் கிட்டாரில் அந்த இடத்தில் இருப்பது வேறு கம்பி. பாட்டு மொத்தமும் சுருதியில் ஐந்து படி கீழே போய்விட்டது.

"இன்னா ஜெசி, கெணத்துக்குள்ள எறங்கிட்டியா?" என்று கேட்டபடி, கீபோர்டு ராஜ்குமார் பட்டனைத் தட்டித் தன் சுருதியையும் இறக்கினான்.* "ஆறே போதும்னு தலயால அடிச்சிக்கினேனே, கேட்டியா?"

"கத்துக்கறேன்" என்றாள். மூன்று வாரத்தில் கற்றும் கொண்டாள்.

* கிட்டாருக்கு அந்தப் பட்டன் கிடையாதாம். தப்பாக இருந்தால் டீக்கடைக்காரர்களைத் திட்டுங்கள், என்னை விட்டுவிடுங்கள்.

3

அதில்தான் வினை வந்தது. அடிச்சுருதிக்கென்றே இருக்கும் பேஸ் கிட்டாரை வாசிக்கும் அன்புச்செல்வன் ஒருநாள் தாமதமாக வர, அவன் பகுதியையும் தடித்த கம்பியில் அவளே வாசித்தாள். விருத்தாசலத்துக்கு வாயெல்லாம் பல்.

"பேஸும் நீயே வாசிச்சிடறியேம்மா! ஞாயித்துக்கெழம திண்டிவனம் கல்யாணத்துக்கு அன்புவ வரவேணாம்னு சொல்லிடறேன். வண்டியிலயும் எடம் மிச்சம்."

 பொம்பளப் புள்ளைக்கு லீடு கிட்டாரா என்று குழுவே முகம் சுளித்தபோது ஜெசிந்தாவுக்காகச் சண்டை போட்டவன் அன்பு. மேடையை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பும் இல்லை.

அவன் வந்ததும் சேர்ந்து வாசித்துப் பார்த்தாள். அவன் பேஸும் அவள் தடித்த கம்பியும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு, இரண்டும் கேட்காமல் போயின. ஆக, ஏழாவது கம்பியால் பயன் உண்டா என்றால், உண்டு. அன்புச்செல்வன் இல்லாத மேடையில் நன்றாகவே உண்டு. எனக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை.

4

முடிவு ஒன்று: ஏழு கம்பிக் கிட்டாரை மூட்டை கட்டிவிட்டு, ஜெசிந்தா ஆறுக்கே திரும்புகிறாள்.

(எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. அவளுக்கு எரிச்சல்தான் வந்திருக்கும். "நான் எதுக்கு சார் திரும்பணும்? வெரல் தோலு உரிஞ்சி கத்துக்கினது நீங்களா, நானா?")

முடிவு இரண்டு: அன்பு பெருந்தன்மையாக விலகி, "நீ நல்லா இரு" என்று

(வேண்டாம். பிழைப்பு போகிறவனிடம் பெருந்தன்மையும் கேட்பதா? வெட்கமாக இருக்கிறது.)

மூன்றாவது, அவளே செய்தது. சனிக்கிழமை அன்புவின் வீட்டுக்குப் போய், தடித்த கம்பியைக் கழற்றினாள். மற்ற ஆறையும் ஒவ்வோர் இடம் தள்ளிக் கட்டினாள். காலியான கடைசி இடத்தில் நூல் போன்ற மெல்லிய கம்பி ஒன்றை மாட்டினாள். கம்பி உட்காரும் பள்ளங்கள் பெரிது, கம்பிகள் சிறிது. ஆடாமலிருக்கக் காகிதத்தை மடித்து அடியில் வைத்தாள்.

"இன்னா பண்ணிக்கினு இருக்க?" என்றான் அன்பு.

"எக்ஸ்ட்ரா கம்பிய மேல் சுருதிக்கு மாத்தறேண்ணா. வயலின் பிட்டெல்லாம் இதுல வந்துடும். பேஸு வரவே வராது. நாளைக்கு நீ பேஸ எடுத்துக்கினு வந்துடு."

முறுக்கும்போதே 'டப்'பென்று அறுந்தது. இன்னொன்றை மாட்டினாள். அதுவும் போனது.

"பேஜாரு புடிச்ச வேல, வுட்டுடு ஜெசி."

"அறுந்தா மாத்துவேன்" என்று மூன்றாவதை எடுத்தாள். அது நின்றது.

5

ஞாயிறு மாலை அன்பு பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு திண்டிவனத்துக்குப் பேருந்தில் வந்து இறங்கினான். விருத்தாசலம் அவனைப் பார்த்தார். அவள் கிட்டாரை வாங்கித் தட்டிப் பார்த்தார். முகம் கறுத்தது.

"இன்னாம்மா பண்ணி வச்சிக்கிற!"

"இதுல பேஸ் வராதுங்க, வயலின் வரும். கேட்டுட்டுச் சொல்லுங்க."

"வர்லன்னா அன்பு இருப்பான். நீ இருக்க மாட்ட."

"செரிங்க."

பாட்டு தொடங்கிவிட்டது. வயலின் பகுதி வர இன்னும் இரண்டு வரி இருக்கிறது. கம்பி அறுமா, நிற்குமா? எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் எழுத மாட்டேன். முன்வரிசையில் உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன், கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். அந்தக் கம்பி அறுந்தால் போவது அவள் இடம், அவனுடையது இல்லை. விருத்தாசலம் சொல்வதற்கு முன்பே அது தெரிந்துதான் ஜெசிந்தா அதை இவ்வளவு இழுத்துக் கட்டியிருக்கிறாள்.