மஞ்சள் பொட்டலம்

எங்கள் சர்வர் அறையில் ஒவ்வொரு இயந்திரத்தின் தலையிலும் ஒரு பச்சைப் பொட்டலம் உட்கார்ந்திருக்கும். உள்ளே தேங்காய் மணக்கும் சோளப்பொரி. அது இருந்தால் இயந்திரம் சொன்ன பேச்சைக் கேட்கும். பச்சைதான் வைக்க வேண்டும், தேதி தாண்டக் கூடாது, யாரும் தின்னக் கூடாது. தைவானின் ஷின்ச்சுவில் படித்துப் பட்டம் வாங்கிய என்ஜினியர்கள்தான் நாங்கள். இதில் மட்டும் யாரும் வாதம் செய்வதில்லை.

போன மாதம் கடையில் பச்சை தீர்ந்துபோக, ஜியன் அண்ணன் மஞ்சளை வாங்கி வைத்துவிட்டார். மறுநாளே ஏழாம் எண் சர்வர் மெமரி நிரம்பிப் படுத்துக்கொண்டது. பச்சையை மாற்றி வைத்த பிறகும் தினம் ஒருமுறை நின்றது.

"அதுக்குக் கோவம் இன்னும் தீரல. மஞ்சளண்ணே, போய் மன்னிப்புக் கேளுங்க," என்றேன். கிண்டலில் என் குரல்தான் பெரிது.

நிலாத் திருநாள் விடுமுறை மூன்று நாளும் ஜியன் அண்ணன்தான் வந்து, நிற்கும்போதெல்லாம் அதை அணைத்துத் திரும்பப் போட வேண்டும் என்று மேலாளர் லாய் மேடம் சொல்லிவிட்டார். அண்ணன் மறுக்கவில்லை.

"திருநாளுக்குப் பொண்ணுக்கு பம்ப்ளிமாஸ் பழத் தோல்ல தொப்பி செஞ்சு தரேன்னு சொல்லியிருந்தேன். நாலு வயசு. அடுத்த வருஷம் தல பெருசாயிடும்," என்றார், அவ்வளவுதான். எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

விடுமுறைக்கு முந்தின நாள் காலையிலேயே ஏழாம் எண்ணின் பதிவுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மஞ்சள் பொட்டலம் வைத்த அதே நாளில்தான் வாடிக்கையாளரின் கடைகளுக்குப் புதுச் செயலி போயிருந்தது. அதற்குப் பொறுமை கிடையாது. பதில் வர இரண்டு நொடி ஆனால் இணைப்பைப் பாதியில் அறுத்துவிடும். எங்கள் சர்வர் ஒவ்வொரு கேள்விக்கும் மெமரியில் கொஞ்சம் இடம் பிடிக்கும். பதில் அனுப்பியதும் விட்டுவிடும். பாதியில் அறுந்தால் மட்டும் விடவில்லை. சாப்பிடாமல் எழுந்து போனவரின் மேசையைத் துடைக்க ஆளில்லாததுபோல அந்த இடம் அப்படியே கிடந்தது.

யார் எழுதிய வரி என்று பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முன், நான். காதெல்லாம் சூடாகிவிட்டது.

இரண்டு வரி சேர்த்தேன். நான்கு மணி நேரம் வேண்டுமென்றே இணைப்புகளை அறுத்துப் பார்த்தேன். திரையில் மெமரி அளவைக் காட்டும் கோடு ஏறவே இல்லை. சும்மா சொல்லக் கூடாது, பார்க்க அவ்வளவு சுகமாக இருந்தது.

"மேடம், பொட்டலத்து மேல தப்பு இல்ல, நான் எழுதுன புரோகிராம்லதான். சரி பண்ணி ஏத்திட்டேன். லீவுல அண்ணன் வர வேணாம், நான் வந்து பாத்துக்கறேன்."

"எத்தன வரி?"

"ரெண்டு, மேடம்." சரி என்று தலையாட்டினார்.

ஜியன் அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பத்து நாளா மஞ்சளண்ணேன்னு கூப்ட்ட வாயா இது?"

"அதே வாய்தாண்ணே. மன்னிச்சிருங்க."

அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். விடுமுறை மூன்று நாளும் நான் வந்து பார்த்தேன். ஏழாம் எண் ஒருமுறைகூட நிற்கவில்லை.

நான்காம் நாள் காலை என் மேசையில் ஒரு படம் இருந்தது. ஒரு குழந்தை, பம்ப்ளிமாஸ் தோல் கண் வரை இறங்கி, வாய் முழுக்கச் சிரிப்பு. பக்கத்தில் ஒரு பச்சைப் பொட்டலம்.

"ஏழாம் நம்பருக்காண்ணே?"

"அது ஒழுங்காத்தாம்மா இருக்கு. இது உனக்கு."

திருப்பிப் பார்த்தேன். தேதி தாண்ட இன்னும் ஆறு மாதம் இருந்தது. பிரிக்காமல் என் திரையின் மேல் வைத்துக்கொண்டேன்.