சுவரில் இருந்த அப்பா

எங்கள் டிவி தொடரில் கதாநாயகியின் இறந்துபோன அப்பா, எங்கள் லைட்மேன் அண்ணன்தான். சுவரில் மாட்ட ஒரு படம் தேவைப்பட்டபோது, உதவி இயக்குநரான நான் அவரை நிற்கவைத்து எடுத்து ஃப்ரேம் போட்டேன். "உயிரோட இருக்கும்போதே சாகடிச்சிட்டியேடா" என்று மூன்று வருடமாக அதைப் பார்த்துச் சிரிப்பார்.

போன வாரம் நிஜமாகவே போய்விட்டார். மறுநாள் காலை அவர் மகள் படப்பிடிப்புக்கு வந்து நின்றாள்.

"வீட்ல அப்பா படம் ஒண்ணுகூட உருப்படியா இல்ல சித்தப்பா. எல்லாத்துலயும் லைட்டுக்குப் பின்னாடிதான் நிக்கறார். அந்தப் படத்தைத் தர்றீங்களா? பதினோரு மணிக்கு அப்பாவை எடுத்துடுவாங்க."

அப்போதே கழற்றிக் கொடுத்திருக்க வேண்டும். முந்தின நாள் எடுத்த காட்சியில் படம் சுவரில் இருக்கிறது. இன்று இல்லையென்றால் இயக்குநர் என்மேல் பாய்வாரே என்று பயந்தேன். "ஒரே ஒரு ஷாட்தாம்மா, முடிஞ்சதும் தர்றேன்" என்றேன். நானெல்லாம் ஒரு மனுஷன்!

கதாநாயகி கண்ணில் கிளிசரின் விட்டுக்கொண்டு படத்தின்முன் நின்றாள். இரண்டு டேக் வீணானது. மூன்றாவதில், "அப்பா, நீங்க இருந்திருந்தா எனக்கு இப்படி நடக்குமா?" என்று பிரமாதமாக அழுதாள்.

எனக்குப் பின்னால் ஒரு விம்மல் கேட்டது. ஒலிப்பதிவாளர் என்னை முறைத்தார்.

திரும்பினேன். உதட்டில் விரலை வைத்து, "அழாதம்மா, டேக் போகுது" என்றேன்.

அவள் "சாரி சித்தப்பா" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.