கை பட்ட கல்

"இன்னும் ஒரே ஒரு நாள். அதுக்குள்ள ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு குதிச்சா கல்லு எப்படி வேலை செய்யும்?"

மாமியார் அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். மருமகளின் கையில் கணவனின் சட்டை இருந்தது. அவனை எழுப்பி உட்காரவைத்து, அதைப் போட்டுவிட்டு, வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என்று காலையில் கண் விழித்ததுமே அவள் முடிவு செய்திருந்தாள். கட்டிலில் அவன் முழங்காலை வயிற்றோடு சேர்த்து மடக்கி, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். வலது பக்க அடிவயிற்றில் வலி. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. மேல்கையில் ஒரு துணி முடிச்சு, அதற்குள் ஒரு நீலக்கல்.

"அத்தை, வலியில துடிக்கிறாரு. ஒரு ஊசி போட்டுட்டு வந்துடலாம்."

"ஊசியைப் போட்டுட்டு வந்தா, குணமானது கல்லாலயா ஊசியாலயான்னு எவன் சொல்லுவான்? ஜோசியர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரா இல்லையா? நீலம் எல்லாருக்கும் ஒத்துக்காது. மூணு நாள் உடம்போட வச்சுப் பார்க்கணும். அந்த மூணு நாளும் வேற மருந்து உள்ள போகக் கூடாது. சனி பிடிச்சு ஆட்டுறப்போ ஊசி என்னடி பண்ணும்?"

மருமகள் அந்தத் துணி முடிச்சைப் பார்த்தாள். அவளுக்கு அந்தக் கல்லைத் தெரியும். அது அவள் தீட்டிய கல்.

கடைவீதியில் ஒரு ரத்தினக் கடையின் பின்கட்டில் அவளுக்குப் பதினோரு வருஷ வேலை. கல்லை அரக்கு வைத்துக் குச்சி முனையில் ஒட்டி, சுழலும் சக்கரத்தில் சாய்த்துச் சாய்த்துப் பட்டை தீட்டுவாள். மற்றவர்கள் லென்ஸ் வைத்துத் தேடும் கீறலை வெறுங்கண்ணால் பார்த்துவிடுவாள் என்பதால் பட்டறையில் எல்லோருக்கும் அவள் 'ஊசிக்கண்ணு'. இந்த நீலம் மூட்டையில் வந்தபோது பாத்திரம் கழுவிய தண்ணீரைப்போல வெளுத்துக் கிடந்தது. பின்பக்கத்து உலையில் ஒரு நாள் முழுக்க வெந்த பிறகுதான் அதற்கு இந்த நீலம் வந்தது. அந்த நிறம் எந்தக் கிரகத்திலிருந்தும் இறங்கி வரவில்லை என்பது அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

ஆனாலும் மாமியார் கேட்டபோது அவளே முதலாளியிடம் பேசி, விலை குறைத்து வாங்கி வந்து கொடுத்தாள். வயிற்றுவலி ஆரம்பித்த அன்று அது. வீட்டில் ஒரு நாள் சண்டை மிச்சமாகட்டும் என்று நினைத்துவிட்டாள்.

"விடு," என்றான் கணவன், சுவரைப் பார்த்தபடியே. பார்சல் வண்டி ஓட்டுகிறவன் அவன். நெடுஞ்சாலையில் எந்த லாரிக்கும் பயப்படாதவனுக்கு ஆஸ்பத்திரி வாசனை என்றாலே பயம். "நாளைக்குப் போவோம். அம்மா பேச்சையும் கேட்டுட்டோம்னு ஆயிடும். அப்புறம் யாரும் குறை சொல்ல மாட்டாங்க."

அவள் சட்டையை மடித்து வைத்தாள். பிற்பாடு எத்தனையோ நாள் அவளை வதைத்தது அந்த ஒரு காரியம்தான். கத்தியிருக்கலாம், தெருவைக் கூட்டியிருக்கலாம், மாமியாரைத் தள்ளிவிட்டுக்கூடப் போயிருக்கலாம். சட்டையை, கசங்காமல், கை மடித்து வைத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் வலி நின்றுவிட்டது.

சட்டென்று, விளக்கை அணைத்த மாதிரி. அவன் காலை நீட்டிப் படுத்தான். தண்ணீர் கேட்டுக் குடித்தான். மாமியார் தலைமுடியைக்கூட முடியாமல் தெருவுக்கு ஓடி, எதிர்வீட்டுக்காரியிடமும் பக்கத்துவீட்டுக்காரியிடமும் சொன்னாள். ஜோசியருக்குப் போன் போட்டு அழுதாள். மருமகளைப் பார்த்து, "இப்போ என்னடி சொல்றே?" என்றாள். கோபமில்லை; பிள்ளையைத் திரும்பப் பெற்றவளின் கர்வம் அது.

அவளும் நம்பினாள். அதைப் பிறகு யாரிடமும் அவள் சொன்னதில்லை. அரை நாள், முழுசாக, நம்பினாள். அவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். முதலாளியிடம் சொன்னபோது அவள் முகம் பூரித்திருந்தது. முதலாளி அதை அங்கேயே, கல்லாவுக்கு முன்னால் நின்ற இரண்டு வாடிக்கையாளர்களிடம் சொல்லி ஒரு நீலத்தை விற்றார்.

மத்தியானம் கொழுந்தன் போன் செய்தான். காய்ச்சல் கொதிக்கிறது, வயிறு பலகையாக இறுகிக் கிடக்கிறது, பேச்சு குழறுகிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். முடிச்சைக் கத்தரித்துக் கல்லை எடுத்து மருமகளின் உள்ளங்கையில் போட்டாள். "குடல்வால் வெடிச்சிருக்கு. காலையில வலி நின்னுதுன்னு சொன்னீங்களே, அப்போதான் வெடிச்சிருக்கும். சீழ் வயிறு முழுக்கப் பரவிடுச்சு. ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா சின்ன ஆப்பரேஷன்மா இது. ஒரு மணி நேரம்கூட ஆகாது."

அறுத்தார்கள், கழுவினார்கள், குழாய் வைத்தார்கள். மறுநாள் பொழுது விடிந்து, ஆஸ்பத்திரி வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவன் போய்விட்டான். முப்பத்தாறு வயசு.

துக்கம் கேட்க வந்தவர்களோடு ஜோசியரும் வந்தார். மாமியார் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள் என்பது அவள் இருந்த இருப்பிலேயே தெரிந்தது. பிள்ளையை வாசலில் மறித்து வைத்தவள் அவள். இனி அவள் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், இன்னும் பத்திருபது வருஷம் உயிரோடு இருக்க வேண்டும்.

ஜோசியர் தொண்டையைச் செருமினார். "கல்லுல குற்றமில்லை. சரியாத்தான் கேட்டுச்சு. காலையில வலி நின்னுதே, அதுவே சாட்சி. ஆனா பட்டை தீட்டினது யாரு? தாலி கட்டிக்கிட்டவ ஜாதகத்துலயே தோஷம் இருக்கிறப்போ, அவ கை பட்ட கல்லு எத்தனை நேரம்தான் தாங்கும்?"

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மாமியார் கரையேறிவிட்டாள். "பாவி, நீ தீட்டின கல்லைக் கொண்டாந்து என் பிள்ளை கையில கட்டினியே!" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். கேட்டவர்கள் எல்லோரும் மருமகளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பேச வாயெடுத்தாள். அந்தக் கூடத்தில் அவள் பேச்சை எடுத்து வைக்க இடம் இருக்கவில்லை.

மாதம் ஒன்று கழிந்து, தனியாக ஓர் அறை பார்த்துக் குடிபோய், அவள் வேலைக்குத் திரும்பினாள். முதலாளி அவளைக் கடைக்குள் விடாமல் பக்கத்துச் சந்தில் நிறுத்திப் பேசினார்.

"உட்கார்ந்து பேசத்தான் ஆசை. ஆனா நிலைமை அப்படி. தெருவெல்லாம் பேச்சாயிடுச்சு. போன வாரம் ஒரு அம்மா, 'அந்தப் புருஷனை முழுங்கினவ தொட்ட கல்லா?'ன்னு கேட்டுட்டு எழுந்து போயிட்டாங்க. அதிர்ஷ்டத்துக்கு வாங்குற பொருள் பாரு. நான் என்ன பண்ணட்டும்?"

"வேற வேலை எனக்குத் தெரியாதுங்க."

"எனக்கும் உன்னை மாதிரி வேற கை கிடையாது." அவர் பொய் சொல்லவில்லை. அவர் கெட்ட மனிதரும் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவில் பாதியைக் கேட்காமலே கொடுத்தவர். "ஒண்ணு பண்ணு. கடை திறக்குறதுக்கு முன்னாடி சந்து வழியா வந்துடு. உள்ளேயே இரு. முன்பக்கம் மட்டும் தலையைக் காட்டாதே."

அவளுடைய சக்கரத்துக்கும் கல்லாவுக்கும் நடுவில் ஒரு கனத்த திரை வந்தது. அன்றிலிருந்து அவள் திரைக்குப் பின்னால் இருந்து கடையைக் கேட்டாள். இருமலுக்கு முத்து, ரத்தத்துக்குப் பவளம், நரம்புக்கு மரகதம், மஞ்சள்காமாலைக்குப் புஷ்பராகம். யாராவது, "யாருங்க தீட்டினது?" என்று கேட்டால் முதலாளி குரலைத் தாழ்த்தி, "எங்ககிட்ட ஒரு அம்மா இருக்காங்க. புருஷன், பிள்ளைகுட்டின்னு ஒரு குறையில்லாம வாழறவங்க. அவங்க கை ராசி அப்படி," என்பார். சக்கரத்தின் சத்தத்தில் அது அவள் காதில் விழாது என்று நினைத்தாரோ என்னவோ.

முதல் தடவை கேட்டபோது கண் நிறைந்து பட்டை கோணிவிட்டது. போகப் போகப் பழகிவிட்டது. அந்தக் குறையில்லாத அம்மாவை நினைத்துச் சில நேரம் பொறாமைகூட வந்தது.

அப்படி ஏழு மாதம் போன பிறகு, ஒரு நாள் முற்பகலில், திரைக்கு அந்தப் பக்கம் ஒரு தாயும் மகளும் வந்து உட்கார்ந்தார்கள்.

"மரகதம் வேணும். இவளுக்கு," என்றாள் தாய். பிறகு, யாராவது கேட்கிறார்களா என்று பார்த்திருக்க வேண்டும், குரல் இறங்கியது. "வலிப்பு வருது. பத்து வயசுலேர்ந்து மாத்திரை போட்டுக்கிட்டிருக்கா. அடுத்த மாசம் கல்யாணம். பத்து நாளா மாத்திரையை நிறுத்திட்டோம்."

"மாத்திரை போட்டா வர்றதில்லைதானேம்மா," என்றது ஒரு இளங்குரல்.

"நீ சும்மா இரு. மாத்திரை டப்பாவோட புருஷன் வீட்டுக்குப் போனா, முதல் வாரமே பெட்டியோட திருப்பி அனுப்பிடுவாங்க. மோதிரம்னா எல்லாரும் போடுறதுதானே? எதுக்குன்னு யாரு கேக்கப் போறா?"

திரைக்குப் பின்னால் சக்கரம் நின்றது. மரகதத்தை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. முந்தாநாள் அவள் முடித்த கல் அது. முதலாளி ஆரம்பித்தார்: "புதனோட கல்லும்மா இது. நரம்பெல்லாம் அப்படியே சாந்தமாயிடும். தீட்டினவங்க யாருன்னு தெரியுமா? எங்ககிட்ட ஒரு அம்மா இருக்காங்க..."

அவள் எழுந்து திரையை விலக்கினாள்.

முகமெல்லாம் கல்தூசி. விரல் நுனியெல்லாம் அரக்குக் கறை. பத்தொன்பது, இருபது வயசுப் பெண் ஒருத்தி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மோதிரம் விரலில் பாதி இறங்கியிருந்தது.

"அந்த அம்மா நான்தான்," என்றாள் ஊசிக்கண்ணு. "இதைத் தீட்டினது நான். என் புருஷன் செத்து எட்டு மாசமாச்சு. இதே மாதிரி ஒரு கல்லை நம்பித்தான் செத்தாரு. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா இன்னிக்கு வண்டி ஓட்டிக்கிட்டிருப்பாரு. வேண்டாம்மா. இது வெறும் கல்லு. உங்க பொண்ணுக்கு மாத்திரையைக் கொடுங்க."

முதலாளி, "நீ உள்ள போ," என்றார்.

தாய் எழுந்துவிட்டாள். அவள் முகம் வெளுத்திருந்தது. அதைப் பார்த்த ஊசிக்கண்ணுவுக்கு, எட்டு மாதத்தில் முதல் தடவையாக, நெஞ்சில் ஏதோ இளகியது. இவள் காதில் விழுந்துவிட்டது, இந்தப் பெண் பிழைத்தாள் என்று நினைத்தாள்.

தாய் மகளின் விரலிலிருந்து மோதிரத்தை நெருப்பைத் தட்டிவிடுவதுபோல உருவி எறிந்தாள். முந்தானையால் அந்த விரலைத் தேய் தேய் என்று தேய்த்தாள்.

"தாலியறுத்தவ தொட்டதையா என் பொண்ணு கையில போட்டீங்க? கல்யாணப் பொண்ணுய்யா இவ! உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா? தண்ணி கொடுங்க முதல்ல, கை கழுவணும்!"

"அப்போ மாத்திரை போட்டுக்கலாமாம்மா?" என்றாள் பெண்.

"வாயை மூடிக்கிட்டு வா!"

மகள் எழுந்தாள். ஒரு நொடி ஊசிக்கண்ணுவைப் பார்த்தாள். ஏதோ சொல்லப்போகிறவள்போல உதடு பிரிந்தது. அதற்குள் தாய் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

முதலாளி கீழே குனிந்து, நாற்காலிக்கடியில் உருண்டிருந்த மோதிரத்தைத் தேடி எடுத்தார். துடைத்துப் பெட்டியில் வைத்தார். அவள் முகத்தைப் பார்க்காமல், "உன்னைத் திட்ட எனக்கு மனசு வரலை. ஆனா இனிமே வராதே," என்றார்.

அவள் உள்ளே போய்ச் சக்கரத்தைத் துடைத்து மூடினாள். சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். சந்து வழியாகப் போகவில்லை. பதினோரு வருஷம் உழைத்த கடையின் முன்வாசல் வழியாக, கண்ணாடி அலமாரிகளுக்கு நடுவே நடந்து, கடைவீதியில் இறங்கினாள். யாரும் தடுக்கவில்லை.

வீதியின் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு ரத்தினக் கடை. அதன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரர் எதையோ சொல்ல, தாய் நிம்மதியாகத் தலையாட்டினாள். பிறகு மகளின் கையைத் தானே எடுத்து நீட்டிக் கொடுத்தாள். கடைக்காரர் அளவு வளையங்களின் கொத்தைப் பிரித்து, அந்தப் பெண்ணின் விரலில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.