அப்பா எழுதிய நுழைவுத் தேர்வு

பொடிசுக்குப் பதினேழு வயது. நுழைவுத் தேர்வில் அவள் எடுத்தது நானூற்றுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு. அதற்கே கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஓர் இடம் கொடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கணினியில் 'ஏற்கிறேன்' என்று அழுத்தினால் இடம் அவளுடையது. 'மறுதேர்வு' என்று அழுத்தினால் பழைய மதிப்பெண்ணும் செல்லாது, இடமும் போய்விடும். மாட்டுக்கும் குதிரைக்கும் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று ஏழு வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவள் 'ஏற்கிறேன்' என்று எப்போதோ அழுத்தியிருப்பாள். குறுக்கே அப்பா நின்றார்.

அப்பா ஓட்டுநர் உரிமத்துக்குத் தேர்வு வைக்கும் அதிகாரி. இருபத்திரண்டு வருடமாகப் பக்கத்து சீட்டில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்து, வண்டி ஓட்டுபவர்களின் வயிற்றில் புளியைக் கரைத்து வருகிறார். கண்ணாடியைப் பார்க்க மறந்தால் மறுதேர்வு. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, எல்லைக்கு வைத்த கூம்பை உரசினால் மறுதேர்வு. உரசாமலே, உரசிவிட்டோமோ என்று முகம் வெளுத்தாலும் மறுதேர்வுதான். வீட்டிலும் அதே கதை. அம்மா திரைச்சீலை மாட்டினால்கூட ஒரு முறை கழற்றி மறுபடி மாட்டினால்தான் மனிதருக்குத் திருப்தி.

"முந்நூத்திப் பன்னெண்டுல்லாம் ஒரு மார்க்கா? இன்னொரு தடவை எழுதினா முந்நூத்தி அம்பதைத் தூக்கிடலாம். பெரிய காலேஜெல்லாம் வீடு தேடி வரும்."

"வரலைன்னா? கையில இருக்கிற சீட்டும் போயிடும்ப்பா."

"ரெண்டாவது தடவைன்னா எல்லாரும் நல்லாத்தான் பண்ணுவாங்க. தினமும் பாக்கறேனே!"

"அவங்களையும்தானே ஃபெயில் பண்றீங்க?" என்றாள் அம்மா. கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள், எதையும் சட்டென்று கண்டுபிடித்துவிடுவாள்.

பொடிசுக்குக் கோபம் தலைக்கேறியது. பயிற்சிப் புத்தகத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் பொத்தென்று போட்டாள்.

"அவ்வளவு சுலபம்னா நீங்க எழுதுங்கப்பா. நாப்பது கேள்வி, அரை மணி நேரம். நான் திருத்தறேன்."

"எனக்கென்ன பயமா? பென்சிலைக் குடு."

அம்மாவும் சும்மா இருக்கவில்லை, தானும் எழுதுவதாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பொடிசு அப்பாவின் அட்டையை எடுத்துக்கொண்டு, அவரைப் போலவே முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

அம்மாவுக்கு நாற்பதுக்குப் பதினைந்து. "எனக்கு இது போதும்ப்பா, தலை கிறுகிறுங்குது" என்று எழுந்து போய்ப் படுத்துவிட்டாள். அப்பாவுக்குப் பதினொன்று.

"பென்சில் சரியில்ல" என்றார். "அடுத்த தாளை எடு."

இரண்டாவது தாளில் பதினேழு. மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை. கூடத்தை இரண்டு சுற்று சுற்றினார். படுத்திருந்த அம்மாவை எழுப்பிச் சொன்னார்.

"பாத்தியா பொடிசு? ரெண்டாவது தடவை! ஆறு மார்க் கூட! இப்ப என்ன சொல்றே? போய் மறுதேர்வுன்னு அழுத்து!"

பொடிசுக்குப் பக்கென்றது. சொந்தத் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று அழுகை முட்டியது. ஞாயிற்றுக்கிழமை மணி நாலு ஆகியிருந்தது. வேறு வழியில்லாமல் எழுந்து கணினியைத் திறந்தாள்.

"இரு, இரு" என்றார் அப்பா. "இன்னும் ஒண்ணு எழுதிடறேன். இருபதைத் தொட்டுட்டேன்னா அப்புறம் யாராலயும் வாயைத் திறக்க முடியாது."

மூன்றாவது தாளில் அவர் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. எழுதினார், அழித்தார், அழித்த இடத்தில் ஊதினார், மறுபடி எழுதினார். நெற்றி வேர்த்தது. "அஞ்சு நிமிஷம் கூட குடேன்" என்று கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சி அவள் பார்த்ததில்லை.

திருத்தி முடித்து, ஒரு முறைக்கு இரு முறை கூட்டிப் பார்த்தாள் பொடிசு.

"ஒம்பது."

"என்னது?"

"சரியா எழுதியிருந்த எட்டு விடையை அழிச்சுட்டுத் தப்பா மாத்தியிருக்கீங்கப்பா. தடம் தெரியுது பாருங்க."

அப்பா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"சே! பதினேழோடயே நிறுத்தியிருக்கணும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது. உள்ளே அம்மா போர்வைக்குள் சிரிப்பது கேட்டது. பொடிசுக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. குதிக்க வேண்டும் போலவும் இருந்தது.

ஐந்து மணிக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. 'ஏற்கிறேன்' என்று அழுத்தினாள். 'உறுதியாகவா? இதன்பின் மாற்ற இயலாது' என்று திரையில் கேட்டது. அவள் விரல் அப்படியே நின்றுவிட்டது.

"அது கேக்கும், அதோட வேலை அது. நீ யோசிக்காத" என்று அப்பா எட்டி, தன் விரலாலேயே 'ஆம்' என்று அழுத்தினார்.